சாக்குக்கு அறுபது கிராம்

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எப்படியாவது தெரிந்துகொண்டு வந்து, "ஆரைக் கேட்டு எழுதினே? இதெல்லாம் நீ கண்டதா, இல்ல கேட்டதா?" என்று வாசலில் நின்று விசாரிப்பார். நாங்கள் இத்தா என்று கூப்பிடுவோம். அக்கா என்பதற்கு மட்டாஞ்சேரியில் எங்கள் ஆட்கள் சொல்வது அது. முதுகுக்குப் பின்னால் சம்சயக்காரி, அதாவது சந்தேகக்காரி. அதுவும் அவருக்குத் தெரியும். "சொல்லுறதை முன்னாடி சொல்லுங்கடி, காரணத்தோட சொல்லுங்க" என்பார்.

பஜார் ரோட்டில் ஒரு மசாலாக் கிடங்கில் நாங்கள் பதினைந்து பெண்கள் வேலை பார்த்தோம். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து ஏலக்காய், சுக்கு, ஜாதிக்காய் என்று தரம் பிரிப்பார்கள். தரம் பிரித்ததை எடை போட்டு, சாக்கு தைத்து, அடையாளம் எழுதுவது என் வேலை. அதிகம் பேசாதவள் என்பதால் அதை எனக்குக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். பேசாதவர்களை நம்பலாம் என்று முதலாளிக்கு ஓர் எண்ணம். இத்தாவுக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது. "பேசாதவங்க எல்லாம் நல்லவங்கன்னா, பூனையைக் காவலுக்கு வைக்கலாமே" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வோமே, அப்படிச் சொன்னார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றால்கூட "ஆரு சொன்னா?" என்பார். எர்ணாகுளம் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் கவுன்டரில் கேட்க மாட்டார். வந்து இறங்குகிறவர்களிடம், "எப்ப ஏறினீங்க?" என்று கேட்டுக் கணக்குப் பண்ணுவார். ஒரு நாள் யூதர் தெருவான ஜூ டவுன் வழியாக நாங்கள் நடந்துவந்தபோது, பழம்பொருள் கடை வாசலில் ஒருவன் வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு பெரிய வெண்கல வார்ப்புப் பாத்திரத்தைக் காட்டி, முந்நூறு வருடம் பழசு என்று சொல்லிக்கொண்டிருந்தான். இத்தா நின்றுவிட்டார்.

"முந்நூறா? போன மாசம் இருநூத்தம்பதுன்னு சொன்னியே மோனே. ஒரு மாசத்துல அம்பது வயசு எப்படிக் கூடும்?"

அவன் கைகூப்பினான். "இத்தா, பொன்னு இத்தா, ஒண்ணு போயிடுங்க."

ஏன் இப்படி ஆனார் என்று கிடங்கில் பல கதைகள் உண்டு. கல்யாணத்தில் ஏமாந்தார் என்று ஒருத்தி. இல்லை, யாரோ விற்ற போலி நகையால் என்று இன்னொருத்தி. ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே கேட்டேன். "சந்தேகத்துக்கு எதுக்குடி காரணம்? நீ பார்க்காததை எல்லாம் நம்புறியே, அதுக்கு நீ காரணம் சொல்லு" என்றார்.

அவர் வாயனசாலை என்கிற ஊர் நூலகத்திலிருந்து ஒரு மலையாளப் புத்தகம் எடுத்துவந்தது ஒரு மழைக்காலத்தில். அட்டை இல்லை. பொருள்கள் எப்படி நகர்கின்றன, ஏன் விழுகின்றன என்பதை ஒவ்வொருவராக எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும் புத்தகம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விதிகளைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாருக்கு எப்படித் தோன்றியது என்று யாரும் சொன்னதில்லை. சோறு தின்றபின் இத்தா ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். பக்கத்துக்கு ஒரு சண்டை பிடிப்பார்.

ஆப்பிள் கதையை முதல் நாளே தள்ளிவிட்டார். வெள்ளைக்காரர் என்பதால் நியூட்டனை அவர் சாயிப்பு என்றுதான் சொல்வார். "விழுந்தப்ப இந்த ஆளு சின்ன வயசு. கதையைச் சொன்னது கிழவனானப்புறம். மரத்தடியில வேற ஆரு இருந்தா? ஒருத்தனுமில்ல. சாட்சியில்லாத ஆப்பிள்."

தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த செல்வி விடவில்லை. "பெரிய மனுசங்க பொய் சொல்வாங்களாக்கா?"

"பெரிய மனுசங்கதான் சொல்வாங்க. சின்ன மனுசன் பொய்யை ஆரு எழுதிவெக்கிறா?"

இன்னொரு நாள் ஒரு நண்பர் சாயிப்பைப் பார்க்க வந்த கதை. சூரியன் இழுக்கும் இழுப்பு தூரத்துக்குத் தூரம் இன்ன கணக்கில் குறைகிறது என்றால், கிரகம் எந்த வழியில் சுற்றும் என்று நண்பர் கேட்கிறார். நீள்வட்டம் என்று சாயிப்பு உடனே சொல்கிறார். எப்படித் தெரியும்? கணக்குப் போட்டேன். எங்கே, காட்டுங்கள். தாளைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. இத்தா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கணக்குப் போட்டேன் டீச்சர், நோட்டைக் காணோம்! ஏழாங்கிளாஸ்ல நான் சொன்ன அதே கள்ளம்!" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பக்கத்தைத் திருப்பினார். சாயிப்பு மறுபடி உட்கார்ந்து முழுக்கப் போட்டு அனுப்பிவைத்தார் என்று இருந்தது. "ம். திருப்பிப் போட்டான் இல்ல. அப்பச் செரி" என்றார். அந்த இழுப்பின் கணக்கை நான்தான் முதலில் சொன்னேன் என்று வேறொருவர் சாயிப்போடு தகராறு செய்ததும் அதில் வந்தது. இத்தா இருவரையும் நம்பவில்லை.

அவருக்குப் பிடித்தவர் அதற்கு முந்தைய இத்தாலிக்காரர். சரிவுப் பலகையில் குண்டை உருட்டிவிட்டு, அது ஓடும் நேரத்துக்குள் பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று பார்த்து நேரம் அளந்தவர். "இவன் ஆளு. இவன் எதையும் வாயால சொல்லல." கனமானதும் லேசானதும் ஒன்றாக விழும் என்பதை மட்டும் நம்பவில்லை. மாடியில் சாக்கு இறக்கும் திறப்புக்குப் போய், ஐந்து கிலோ எடைக்கல் ஒரு கையிலும் ஜாதிக்காய் ஒரு கையிலுமாக நின்று இரண்டையும் விட்டார். கீழே ஒரே சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு சூப்பர்வைசர் ஹம்சக்காவின், அதாவது ஹம்சா அண்ணனின், சத்தம்.

"எந்தாடி இது! என் தல போயிருந்தா?"

"போகாது ஹம்சக்கா. பாத்துட்டுத்தான் விட்டேன்."

ஜாதிபத்திரியையும் விட்டுப் பார்த்தார். அது ஆடி ஆடித் தாமதமாக வந்தது. "காத்து. காத்துதான் நடுவுல நின்னு கள்ளத்தனம் பண்ணுது" என்று தீர்ப்புச் சொன்னார். ஓடுகிற படகுக்குள் உட்கார்ந்து ஜாதிக்காயை நேர்மேலே எறிந்தால் பின்னால் போகாமல் கைக்கே வரும் என்பதையும் எர்ணாகுளம் போகும் வழியில் எறிந்து எறிந்து பார்த்தார். எதிர் சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் கைக்கே வந்தது. ஜெட்டி வரும்வரை இத்தா அந்த ஜாதிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோற்றுப்போனால் அவர் முகம் நன்றாக இருக்கும்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, சந்தேகம் என் பக்கம் திரும்பும்வரை.

கிடங்கில் மச்சிலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தட்டுத் தராசு இருந்தது. ஒரு தட்டில் சாக்கு, மறு தட்டில் இருபது, இருபது, பத்து என்று இரும்பு எடைக்கல். முள் நேரே நின்றால் ஐம்பது கிலோ. அந்த வருடம் ஏலக்காய் நாற்பது சாக்கு அப்படி நிறுத்துத் தைத்து அடுக்கியிருந்தேன். அனுப்புவதற்கு முன் முதலாளி புதிதாக எலக்ட்ரானிக் தராசு வரவழைத்தார். வடக்கே, இமயமலை அடிவாரத்தில் ஏதோ ஊரில் செய்தது. ஐம்பது கிலோவுக்கு 50.000 என்று காட்டியதாக அங்கே சோதித்த சான்றுத் தாளும் கூட வந்தது. அளவுத்துறை ஆள் வந்து முத்திரை வைக்க இன்னும் சில நாள் இருந்தது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. முதல் சாக்கை ஏற்றச் சொன்னார்.

49.940.

அடுத்தது 49.930. அடுத்தது 49.950. நாற்பது சாக்கும் அப்படித்தான். ஒன்றுகூட ஐம்பதைத் தொடவில்லை.

ஹம்சக்கா தன் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தார். "சாக்குக்கு அறுபது கிராம். தட்டத்து முனையில முடிஞ்சா வெளியே தெரியாது முதலாளி."

எல்லோரும் நான் தலையில் முக்காடு போட்டிருந்த தட்டத்தைப் பார்த்தார்கள். முதலாளி பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டரைக் கிலோ ஏலக்காய் தானா நடந்து போச்சா ஜமீலா?" என்றார். "ஜமீலா அப்படிப்பட்டவ இல்ல" என்று சிலர் சொன்னார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். செல்வி, "நான் உங்களை நம்புறேன்க்கா" என்றாள். சொல்லிக்கொண்டே என் பைக்குப் பக்கத்திலிருந்த தன் பையை எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

இத்தா என் எதிரே வந்து நின்றார்.

"எடுத்தியா?"

"இல்ல."

"இதுவரைக்கும் ஒரு தடவை கூடவா?"

அவர் கேட்கும்போது பொய் சொல்ல வராது. "தொண்டை வலின்னு... ரெண்டு காய். போன நோன்புக்கு முன்னாடி."

"கேட்டீங்களா முதலாளி!" என்று ஹம்சக்கா கையைத் தட்டினார். விசாரித்து முடியும்வரை வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினோரு வருடம் வேலை பார்த்த இடம். வீட்டுக்கு நடக்கும்போது இத்தாவின் மேல்தான் எனக்கு அதிக வெறுப்பு வந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு காய் என்னோடு போயிருக்கும். இந்தத் தெருவில் ஒருத்தி கள்ளி, திருடி என்று பெயர் வாங்கினால் வேறு எந்தக் கிடங்கும் அவளை வாசல் ஏற்றாது.

மறுநாள் சாயங்காலம் இத்தா என் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். நேரே அடுக்களைக்குப் போய் டின்களைத் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். தலையணையை அமுக்கினார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

"அழுகை சாட்சியில்லடி" என்றார். கொஞ்சம் கழித்து, "ரெண்டரைக் கிலோ ஏலக்காய் வீட்டுல இருந்தா தெருவுக்கே மணக்கும். இங்க இல்ல" என்றார். வாசலில் செருப்பை மாட்டியபடி, "ஆனா வித்திருக்கலாம்" என்றார். பிறகு போகிற போக்கில், "நாளைக்குக் காலைல வா. கூப்பிடலைன்னாலும் வா. நாப்பது சாக்குலயும் ஒரே அளவு கை போடுற கள்ளன் உலகத்துலயே இல்ல. அதுதான் எனக்கு இடிக்குது."

அன்று இரவு தூங்கவில்லை. போவதா வேண்டாமா என்றே விடிந்தது. போனேன்.

இத்தா சாக்கைத் தொடவில்லை. எங்கள் பழைய இரும்புக் கல்லைத் தூக்கி எலக்ட்ரானிக் தராசின்மேல் வைத்தார். இருபது கிலோக் கல், 19.980 காட்டியது. பத்து கிலோக் கல், 9.990. மெஷின் பத்துப் பத்து கிராமாகத்தான் காட்டும், இடையில் உள்ளதை முழுசாக்கிவிடும்; இரண்டு இருபதும் ஒரு பத்துமாக மூன்று கல்லையும் சேர்த்து வைத்தார். 49.940.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஹம்சக்கா விடுகிற ஆளில்லை. "கல்லு தேஞ்சிருக்கு. தானா தேஞ்சுதோ, ஆராவது அரம் போட்டு ராவினாங்களோ. கல்லு ஆரு கையில இருக்கு? இவ கையில." நிறுக்கிறவள்தானே நான். இப்போது கல்லையே அறுத்தவள் ஆகிவிட்டேன். முதலாளியின் முகமும் மாறியது. கல் குறைந்தது என்றால் இத்தனை காலம் இந்தக் கிடங்கு குறைத்து நிறுத்தது என்று சந்தை சொல்லும்.

"பத்துக்குப் பத்து கிராம், இருபதுக்கு இருபது கிராம்" என்றார் இத்தா. "துரு பங்கு வெச்சாத் தின்னும்? ஹம்சக்கா, பக்கத்துக் கிடங்குல போய் ஒரு இருபது கிலோக் கல் வாங்கிட்டு வாங்க. இவ கை படாத கல்லு."

வாங்கி வந்தார்கள். தட்டுத் தராசில் அந்தக் கல்லும் எங்கள் கல்லும் முள் அசையாமல் நின்றன. எலக்ட்ரானிக் தராசில் அதுவும் 19.980.

"அப்போ மெஷின்தான் கள்ளம்" என்றாள் செல்வி.

முதலாளி கம்பெனிக்கு ஃபோன் செய்தார். அவர்கள் சத்தியம் செய்தார்கள். சான்றுத் தாள் பொய்யில்லை, அங்கே சரியாகத்தான் காட்டியது. அங்கே சரி, இங்கே குறைவு. முதலாளி என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

மத்தியானம் இத்தா சோறு தின்னாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பிரெஞ்சுக்காரர் தன் ஊரில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைக் கப்பலில் பூமியின் நடுக்கோட்டுப் பக்கம் கொண்டுபோகிறார். அங்கே அது தினம் இரண்டு நிமிடத்துக்கும் மேல் பிந்துகிறது. கம்பியைக் கொஞ்சம் குறைத்தால்தான் நேரம் சரியாகிறது. வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். சாயிப்பு அப்படி விடவில்லை. பூமி சுற்றுகிறது, சுற்றுவதால் நடுவில் வயிறு பெருத்திருக்கிறது, அங்கே பூமியின் இழுப்பு கொஞ்சம் குறைவு என்று கணக்கோடு சொன்னார்.

இத்தா எழுந்து முதலாளியின் மேசைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். "வடக்கே இருக்கிற இழுப்பு இங்க இல்ல. நாம நடுக்கோட்டுப் பக்கம். தட்டுத் தராசுல கல்லும் சாக்கும் ஒண்ணாக் குறையும், அதனால தெரியாது. மெஷினுக்கு மறு தட்டு இல்ல. அமுக்குறதை மட்டும்தான் அது அறியும்."

முதலாளி சிரித்துவிட்டார். "அப்ப நான் டெல்லிக்குப் போனா தடிச்சுருவேனா?"

"மெஷின்ல ஏறி நின்னா அப்படித்தான் காட்டணும். புத்தகம் சொல்லுது. எனக்கும் நம்பிக்கையில்ல. முத்திரை வைக்க வர்ற ஆளைக் கேக்கலாம், கம்பெனி ஆளையும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இவளைக் கள்ளின்னு ஆரும் சொல்லாதீங்க. கள்ளி இல்லன்னும் சொல்லாதீங்க."

மறுநாள் காக்கநாட்டிலிருந்து கம்பெனியின் ரிப்பேர் ஆள் வந்தான். தராசைத் திருப்பி, உள்ளே ஏதோ நம்பரைப் பார்த்து நாக்கைச் சப்பினான். "ஊர் மாத்தி செட் பண்ணலையே சேட்டா. ஒவ்வொரு இடத்துலயும் கிராவிட்டி வேற. இங்க வெச்சதும் இங்கத்தைய கல்லைப் போட்டு செட் பண்ணணும்." தான் கொண்டுவந்த கல்லை வைத்து நாலைந்து பொத்தானை அமுக்கினான். எங்கள் மூன்று கல்லையும் ஏற்றினான். 50.000. சாக்கை ஏற்றினான். 50.000.

மூன்று நாளாக என் நெஞ்சில் இருந்ததை அவன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சாயா கேட்டான்.

இத்தா அவனை விடவில்லை. "பழைய நம்பரைத் திருப்பிப் போடு."

"எதுக்கு சேச்சி?"

"போடு மோனே."

போட்டான். 49.940. மறுபடி மாற்றச் சொன்னார். 50.000. "இன்னும் சம்சயம் தீரலையா?" என்று சிரித்தான். "இந்த ஒரு விஷயத்துல தீர்ந்துருச்சு" என்றார் இத்தா. பிறகு எங்களிடம் திரும்பி, "ஆப்பிள் கள்ளமாத்தான் இருக்கும். கடிகாரம் நெசம்" என்றார்.

அதற்குப் பிறகு கிடங்கில் எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. "எனக்குத் தெரியும் மோளே, நீ எடுக்க மாட்டேன்னு" என்றார் ஹம்சக்கா. செல்வி தன் பையைக் கொண்டுவந்து என் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலாளி அல்வா வாங்கிவரச் சொன்னார். "உன்னை எனக்குப் பதினோரு வருசமா தெரியாதா ஜமீலா? போ, உன் வேலையைப் பாரு."

நான் போகவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் நான் முதலாளியிடம் எதையும் கேட்டதில்லை.

"நான் நிறுக்கும்போது இத்தா பக்கத்துல நிக்கணும்."

"எதுக்கு? இனி உன்னை ஆரு சம்சயிக்கப் போறா?"

"இத்தா சம்சயிக்கட்டும்" என்றேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. இத்தாவுக்குப் புரிந்தது. மடித்து உட்கார்ந்ததில் மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்து, தராசுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் முதல் சாக்கின் வாயைப் பிரித்தேன். ஏலக்காய் அள்ளிப் போடும்போதெல்லாம் அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் சிமிட்டாமல். சாயங்காலம்வரை அப்படியே நின்றார். அவர் கண்ணால் பார்த்த எடைக்கு இனி யாரும் என்னைக் கேட்க முடியாது.